மேற்கோளுக்குப் பிறகு வரும் இரண்டு வரிகள்: டெக்சாஸ் ஸ்டார் தேர்வும் எஸ்ஸேயும்

ஜனவரி பிறந்ததும் டெக்சாஸில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரு வொர்க்புக் வந்து இறங்கும். அதில் ஐம்பது தலைப்புகள் இருக்கும். பள்ளிக்குச் செல்போன் கொண்டுபோகலாமா, உனக்குப் பிடித்த தலைவர் யார், மறக்க முடியாத நாள் எது. தினம் ஒன்று எழுது, எழுத எழுத வந்துவிடும் என்று பிள்ளையை உட்காரவைப்போம். மூன்று மாதம் கழித்து பிள்ளை நிறைய எழுதும், வேகமாக எழுதும். டெக்சாஸ் மாநிலம் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்தும் ஸ்டார் (STAAR) தேர்வில் மதிப்பெண் மட்டும் அசையாது. அந்தத் தேர்வு கேட்பது அந்த மாதிரிக் கட்டுரையையே அல்ல.

முன்பு நான்காம், ஏழாம் வகுப்புகளுக்கு மட்டும் தனி எழுத்துத் தேர்வு இருந்தது. தலைப்பைக் கொடுப்பார்கள், மனதில் இருப்பதை எழுதலாம். அது போய்விட்டது. 2019-ல் வந்த ஒரு மாநிலச் சட்டத்தின்படி தேர்வை மாற்றி அமைத்து, 2023 வசந்தத்திலிருந்து மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஒவ்வோர் ஆண்டும் வாசிப்பும் எழுத்தும் ஒரே தேர்வாக, கணினியில் நடக்கிறது. கட்டுரைக் கேள்வி ஒரு பேசேஜை, அதாவது தேர்வில் படிக்கக் கொடுக்கும் பகுதியை, ஒட்டியே வரும். பேசேஜைப் படித்து, அதிலிருந்து ஆதாரம் எடுத்து, கேட்டதற்குப் பதில் கட்ட வேண்டும். எழுத்துத் தேர்வு என்று நாம் நினைப்பதில் பாதி, வாசிப்புத் தேர்வு.

மதிப்பெண் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் எதற்கு நேரம் செலவிடுவது என்பது தெரிந்துவிடும். கட்டுரைக்கு மொத்தம் 10. இரண்டு முறை தனித்தனியாகத் திருத்தி, ஒவ்வொன்றும் 5 என்று கூட்டுகிறார்கள். அந்த 5-ல் கருத்தை வளர்த்து ஒழுங்காகக் கோப்பதற்கு 3, இலக்கணம், ஸ்பெல்லிங், நிறுத்தற்குறி எல்லாம் சேர்த்து 2. முதல் பகுதியில் பூஜ்யம் வாங்கினால் இரண்டாவது பகுதியும் தானாகவே பூஜ்யம். ஒரு பிழைகூட இல்லாத அழகான ஆங்கிலத்தில், கேட்காத கேள்விக்குப் பதில் எழுதினால் பத்துக்கு ஒன்றும் கிடைக்காது. வீட்டில் நாம் செய்வது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. ஸ்பெல்லிங்கைச் சிவப்பு மையில் வட்டமிடுவோம், கருத்தைத் தொடவே மாட்டோம். ஸ்பெல்லிங் கண்ணில் படுகிறது, கருத்து படுவதில்லை, அவ்வளவுதான்.

2023 டிசம்பரிலிருந்து எழுத்து விடைகளை முதலில் கணினி நிரல் மதிப்பிடுகிறது, ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு மட்டும் மனிதர்களிடம் போகிறது. இதைக் கேட்டதும் சில டியூஷன் சென்டர்கள், மெஷினுக்குப் பெரிய வார்த்தை பிடிக்கும், நீளம் பிடிக்கும் என்று ஆரம்பித்துவிட்டன. அந்த வழியில் போகாதீர்கள். மனிதர்கள் திருத்திய விடைகளை வைத்துத்தான் நிரலைப் பழக்கியிருக்கிறார்கள். ரூப்ரிக், அதாவது மதிப்பெண் போடும் அளவுகோல், அதேதான்.

சரி, பிள்ளைகள் எங்கே சறுக்குகிறார்கள்? ஒரு உதாரணத்தை எடுத்துப் பிரித்துப் பார்ப்போம். ஆஸ்டின் காங்கிரஸ் அவென்யூ பாலத்து வவ்வால்கள் பற்றி ஒரு பேசேஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1980-ல் பாலத்தைப் புதுப்பித்தபோது அடியில் குறுகிய இடுக்குகள் அமைந்தன. அவற்றில் மெக்சிகன் வவ்வால்கள் லட்சக்கணக்கில் குடியேறின. மக்கள் பயந்தார்கள், ஒழித்துக்கட்ட வேண்டும் என்றார்கள். 1986-ல் ஒரு வவ்வால் பாதுகாப்பு அமைப்பு ஆஸ்டினுக்கு இடம் மாறி வந்து, இவை பூச்சிகளைத் தின்பவை, சீண்டாதவரை ஆபத்தில்லை என்று எடுத்துச் சொன்னது. இன்று கோடை மாலைகளில் அவை கிளம்புவதைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது. கேள்வி: வவ்வால்களைப் பற்றி ஆஸ்டின் மக்களின் எண்ணம் ஏன் மாறியது என்று விளக்கு.

சராசரியாக ஏழாம் வகுப்புப் பிள்ளை எழுதும் பத்தி, தமிழில் சொன்னால், இப்படி இருக்கும்:

"முதலில் ஆஸ்டின் மக்களுக்கு வவ்வால்களைப் பிடிக்கவில்லை. 'பலர் அவற்றை ஒழித்துக்கட்ட வேண்டும் என்றார்கள்' என்று பேசேஜ் சொல்கிறது. பிறகு அவர்களுக்குப் பிடித்துவிட்டது. 'கோடை மாலைகளில் பாலத்தில் கூட்டம் கூடுகிறது' என்று பேசேஜ் சொல்கிறது. இதிலிருந்து மக்களின் எண்ணம் மாறிவிட்டது என்று தெரிகிறது."

பிழை ஒன்றும் இல்லை. மேற்கோள் இரண்டு இருக்கிறது. அப்பா அம்மா பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறது என்பார்கள். ஆனால் கேட்டது ஏன். இந்தப் பத்தி சொன்னது, மாறியது என்பதை மட்டும். அது கேள்வியிலேயே இருக்கிறது! எடுத்த இரண்டு மேற்கோள்களும் மாற்றத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. நடுவில் நடந்ததுதான் பதில், அது காணோம். கடைசி வரி எதையும் விளக்கவில்லை, முதல் வரியைத் திருப்பிச் சொல்கிறது.

இதையே இப்படிப் பழுது பார்க்கலாம்:

"பயம் போனதற்குக் காரணம், மக்களுக்கு உண்மை தெரியவந்தது. 1986-ல் வந்த அமைப்பு வவ்வால்கள் 'பூச்சிகளைத் தின்பவை' என்று எடுத்துச் சொன்னது. அதுவரை ஆபத்து என்று நினைத்திருந்த பிராணி தங்களுக்கு உதவி செய்கிறது என்று மக்கள் முதல்முறையாகப் புரிந்துகொண்டார்கள். உதவும் பிராணியை ஒழிப்பதில் அர்த்தமில்லை என்பதால் வெறுப்பு மெல்ல ஆர்வமாக மாறியது."

மேற்கோள் ஒன்றே ஒன்று, அதுவும் இரண்டே சொல். அதன் பிறகு வரும் இரண்டு வரிகளைப் பாருங்கள். முதல் வரி, இந்த ஆதாரம் யாருக்கு என்ன செய்தது என்கிறது. இரண்டாவது வரி அதைக் கேள்வியில் இருந்த ஏன் என்ற சொல்லோடு கொண்டுபோய் முடிச்சுப் போடுகிறது. கட்டுரையில் ஒரு பிள்ளை நடுத்தரத்தைத் தாண்டி மேலே போவதும் போகாததும் பெரும்பாலும் இந்த இரண்டு வரிகளில்தான். ஆங்கிலப் புலமைக்கும் இதற்கும் அதிகத் தொடர்பு இல்லை. மேடையில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கும் பிள்ளைகளும் இந்த இடத்தில் மேற்கோளை வைத்துவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடுகிறார்கள்.

இதைப் பழக்க ஒரு கேள்வி போதும். பிள்ளை எழுதிய ஒவ்வொரு மேற்கோளுக்குப் பிறகும் விரலை வைத்து, "அதனால என்ன?" என்று கேளுங்கள். பதில் சொன்னதும் இன்னொரு முறை, "சரி, அதனால என்ன?" இரண்டாவது பதிலில் கேள்வியின் சொல் வந்துவிட்டால் நிறுத்திவிடலாம். வாயால் சொன்ன அந்த இரண்டு பதில்களையும் அப்படியே வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். இதற்கு நீங்கள் ஆங்கிலத்தில் கெட்டிக்காரராக இருக்க வேண்டியதில்லை. தமிழில் கேளுங்கள், பிள்ளை தமிழில் பதில் சொல்லட்டும், ஆங்கிலத்தில் எழுதட்டும். பாட்டிகூட கேட்கலாம். பாட்டிக்குப் பேசேஜ் தெரியாது என்பதால் அவருக்குப் புரியும்படி சொல்லியாக வேண்டும், அது இன்னும் நல்லது.

தேர்வில் செய்ய வேண்டிய வரிசையையும் இதே பேசேஜை வைத்துச் சொல்லிவிடலாம். முதலில் கட்டுரைக் கேள்வியைப் படி, பேசேஜை அல்ல. கேள்வியில் இரண்டு விஷயம் தேடு: ஒன்று, விளக்கச் சொல்கிறார்களா, ஒரு பக்கம் நின்று வாதாடச் சொல்கிறார்களா; இரண்டு, எதைப் பற்றி, ஏனா எப்படியா. பிறகு பேசேஜைப் படிக்கும்போது திரையில் இருக்கும் ஹைலைட்டரால் பதிலுக்கு உதவும் வரிகளை மட்டும் பூசு. எல்லாப் பத்தியும் மஞ்சளாகிவிட்டால் எதுவும் பூசாததற்குச் சமம். நான்கைந்து இடம் போதும். அதில் இரண்டைத் தேர்ந்தெடு. ரஃப் பேப்பரில் மூன்று வரி எழுது: என் பதில் ஒரே வாக்கியத்தில், ஆதாரம் ஒன்றும் அதன் "அதனால என்ன"வும், ஆதாரம் இரண்டும் அதன் "அதனால என்ன"வும். இந்த மூன்று வரி இல்லாமல் கீபோர்டில் கை வைத்தால், எழுதும்போதே யோசித்து, கடைசிப் பத்தியில்தான் உண்மையான பதில் வந்து சேரும். அப்படி வந்தால் அந்த வாக்கியத்தைக் கட் செய்து முதல் பத்தியில் ஒட்டிவிடலாம். கணினித் தேர்வின் சௌகரியம் அது, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால்தான் செய்கிறார்கள்.

ஐந்து பத்தி எழுதினால்தான் எஸ்ஸே என்ற நம்பிக்கை இன்னும் பலமாக இருக்கிறது. ரூப்ரிக் பத்திகளை எண்ணுவதில்லை. நல்ல தொடக்கமும் முடிவும் வேண்டும், நடுவில் கருத்து வளர வேண்டும். மூன்றாவது காரணத்தைத் தேடிப் பேசேஜைச் சுரண்டி, சவசவ என்று ஒரு பத்தி சேர்ப்பதைவிட இரண்டு காரணத்தை முழுதாக வளர்ப்பது மேல். தொடக்கமும் நீள வேண்டாம். "நீங்கள் எப்போதாவது வவ்வாலைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று தூண்டில் போடச் சில இடங்களில் சொல்லிக் கொடுக்கிறார்கள். இரண்டு வாக்கியம் போதும்: பேசேஜ் எதைப் பற்றியது, என் பதில் என்ன. கேள்வியை அப்படியே காப்பி அடித்து "பல காரணங்களால்" என்று முடித்தால் அது பதில் ஆகாது. அந்தக் காரணத்தின் பெயர் அந்த வாக்கியத்திலேயே இருக்க வேண்டும்.

வேலை மாற்றலில் பெற்றோரோடு தமிழ்நாட்டிலிருந்து நடுவில் வந்து சேரும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. குறிப்புச்சட்டகம் போட்டு, முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று உட்தலைப்புக் கொடுத்து, நடுவில் ஒரு குறளும் ஒரு பழமொழியும் வைத்து எழுதிப் பழகிய கை அது. ஒழுங்கு என்ற அளவில் அது சொத்துதான். ஆனால் குறளும் பொன்மொழியும் இங்கே ஆதாரம் இல்லை. பேசேஜில் இருப்பது மட்டுமே ஆதாரம். தெரிந்ததை எல்லாம் கொட்டுவதும் உதவாது. வவ்வால் பாலூட்டி, தலைகீழாகத் தொங்கும் என்பதெல்லாம் உண்மையாக இருக்கலாம், கேள்விக்குச் சம்பந்தமில்லை. மனப்பாடம் செய்த கட்டுரை எதுவும் இந்தத் தேர்வில் பொருந்தாது. இதை முதல் வாரமே சொல்லிவிட்டால் பிள்ளை மூன்று மாதம் வீணாக உருப்போடாது.

அந்த 2 மதிப்பெண் இலக்கணத்துக்கு வருவோம். தமிழ் வீட்டுப் பிள்ளைகளிடம், குறிப்பாகப் புதிதாக வந்தவர்களிடம், சில பிழைகள் திரும்பத் திரும்ப வரும். தமிழில் போய், பார்த்து, வாங்கி, வந்து என்று ஒரு முற்றுப்புள்ளிக்குள் ஒரு நாளையே முடித்துவிடலாம். அதே மூச்சில் ஆங்கிலம் எழுதினால் காமா போட்டுப் போட்டு நான்கு வாக்கியம் ஒட்டிக்கொள்ளும். "இருந்தாலும்" என்று தொடங்கி "ஆனால்" என்று தொடரும் பழக்கத்தில், ஆல்தோ என்று தொடங்கிய வாக்கியத்தில் பட் வந்து விழும். "வருகிறேன் என்று சொன்னான்" என்ற அமைப்பிலிருந்து, ஹீ செட் தட் ஐ ஆம் கமிங் என்று நேர்க்கூற்றும் அயற்கூற்றும் கலந்த வாக்கியம் பிறக்கும். ஆங்கிலத்தின் அ, தி (a, the) இரண்டும் தமிழில் இல்லாததால் ஒன்று காணாமல் போகும், அல்லது எல்லா இடத்திலும் தி உட்கார்ந்துகொள்ளும். இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கு இவை அதிகம் வராது. அவர்கள் தடுமாறுவது ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களில், தேர் என்று ஒலிக்கும் மூன்று ஸ்பெல்லிங்குகளில் (there, their, they're), அபாஸ்ட்ரஃபியில்.

எல்லாவற்றையும் ஒரே கட்டுரையில் திருத்தினால் பிள்ளை எதையும் கற்காது. வாரத்துக்கு ஒரு பிழை. இந்த வாரம் ஒட்டிக்கொண்ட வாக்கியங்கள் மட்டும், மற்றதைக் கண்டும் காணாமல் விடுங்கள். அதற்கு ஒரு எளிய வித்தை: எழுதி முடித்ததும் ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்குப் பின்னும் எண்டர் தட்டுவது. வாக்கியங்கள் பட்டியல்போல ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். மூன்று வரிக்கு நீளும் வாக்கியம் தனியாகத் தெரியும், சின்ன எழுத்தில் தொடங்கியது தெரியும், நான்கு வாக்கியம் ஒரே சொல்லில் ஆரம்பிப்பதும் தெரியும். சரி செய்துவிட்டு மறுபடி சேர்த்துவிட வேண்டும். சேர்க்க மறந்தால் கட்டுரை கவிதைபோல நிற்கும், ஆகவே வீட்டுப் பயிற்சியில் சேர்ப்பதையும் ஒரு படியாகவே பழக்குங்கள்.

வீட்டில் கூகுள் டாக்ஸில் பழகுவதாக இருந்தால் டூல்ஸ் மெனுவில் ஸ்பெல்லிங், கிராமர் பரிந்துரைகளை அணைத்துவிடுங்கள். தேர்வில் சிறப்பு அனுமதி இல்லாத பிள்ளைக்குச் சிவப்புக்கோடு வராது. டிக்ஷனரி உண்டு, அதைத் தேடிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். டைப்பிங்கும் ஒரு விஷயம். இரண்டு விரலால் தட்டும் பிள்ளை, கை வலிக்கிறது என்பதற்காகவே விளக்க வரிகளை விட்டுவிடும். தினம் பத்து நிமிட டைப்பிங், ஐம்பது தலைப்பு வொர்க்புக்கைவிட அதிகம் உதவும்.

நேரத்தைப் பற்றிப் பயம் வேண்டாம். பள்ளி நாள் முழுவதும் உட்கார அனுமதி உண்டு. அவசரப்பட்டு முடித்துவிட்டுத் தலை சாய்த்துத் தூங்குவதுதான் இங்கே பிரச்சினை. ஆகவே ஸ்டாப்வாட்ச் வைத்துப் பழக்குவதில் பயனில்லை.

சின்ன எழுத்து விடைகளும் வரும். வாசிப்புப் பகுதியில் அவற்றுக்கு 2 மதிப்பெண். சரியான பதில் மட்டும் சொன்னால் பாதி, ஆதாரமும் சேர்ந்தால் முழுசு. பள்ளிகளில் ரேஸ் என்று சொல்லிக் கொடுப்பார்கள்: கேள்வியைத் திருப்பிச் சொல், பதில் சொல், ஆதாரம் காட்டு, விளக்கு. நல்ல முறைதான், ஆனால் விடை எழுதும் பெட்டி சின்னது. கேள்வியைத் திருப்பிச் சொல்வதிலேயே இடத்தைத் தீர்த்துவிட்டு ஆதாரம் வைக்க இடமில்லாமல் நிற்கும் பிள்ளைகள் உண்டு. பதிலில் நேராகத் தொடங்கச் சொல்லுங்கள். பகுதி ஏ, பகுதி பி என்று வரும் கேள்விகளில், பி-யில் கொடுத்திருக்கும் மேற்கோள்களை முதலில் படித்துவிட்டு ஏ-க்குத் திரும்பினால் தவறான விடைகள் தாமாகவே உதிரும்.

இப்போது கால அட்டவணை. இரண்டு வாரத்துக்கு ஒரு முழுக் கட்டுரை போதும், அதற்கு மேல் வேண்டாம். மற்ற நாட்களில் பதினைந்து நிமிடம், ஒரு பத்தி, ஒரு மேற்கோள், இரண்டு விளக்க வரி. பேசேஜுக்குக் காசு செலவழிக்க வேண்டாம், மாநிலக் கல்வித் துறை பழைய தேர்வுகளை இணையத்தில் இலவசமாக வெளியிடுகிறது. அதைவிடப் பெரிய புதையல் அதோடு வரும் ஸ்கோரிங் கைட். உண்மையான மாணவர்கள் எழுதிய விடைகள், அவை வாங்கிய மதிப்பெண், ஏன் என்ற குறிப்பு எல்லாம் அதில் இருக்கின்றன. நான்கைந்து விடைகளை மதிப்பெண்ணை மறைத்து அச்செடுத்து, பிள்ளையை வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். முதல்முறை பெரும்பாலும் நீளமானதை மேலே வைக்கும். பிறகு மதிப்பெண்ணைக் காட்டி, எந்த வரிக்காக இது மேலே போனது என்று தேடவிடுங்கள். ஒரு சனிக்கிழமை காலை இதற்குப் போதும். ஐந்து கட்டுரை எழுதி வராத தெளிவு இதில் வரும்.

எட்டாம் வகுப்பில் பிஎஸ்ஏடி 8/9 (கல்லூரி நுழைவுக்கான எஸ்ஏடி தேர்வின் முன்னோட்டத் தேர்வு) எழுதும் பிள்ளைகளுக்கு: அதில் கட்டுரை கிடையாது. வாசிப்பு-எழுத்துப் பிரிவில் 64 நிமிடத்தில் 54 கேள்விகள், ஒவ்வொரு குட்டிப் பத்திக்கும் ஒரே கேள்வி. அங்கே மட்டும் கடிகாரம் முக்கியம். ஸ்டாருக்குச் செய்த வாக்கியம் பிரிக்கும் பயிற்சி அங்கே அப்படியே கைகொடுக்கும், காமாவா செமிகோலனா என்ற கேள்விகள் நிறைய வருவதால்.

எட்டாம் வகுப்பில் ஸ்டார் தேறாவிட்டால் அதே வகுப்பில் நிறுத்திவிடுவார்கள் என்று இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அந்த விதி 2021-லேயே எடுக்கப்பட்டுவிட்டது. தேறாத பிள்ளைக்குக் கூடுதல் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பதுதான் இப்போதைய விதி. தேர்வு முறையும் 2027-28-ல் மறுபடி மாறப்போகிறது, ஆண்டுக்கு மூன்று சிறிய தேர்வுகளாக. இப்போது ஐந்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்காக மூன்று வருடத்துக்கான வொர்க்புக்கைச் சேர்த்து வாங்கிவிடாதீர்கள்.

ரிசல்ட் வந்ததும் பிள்ளையின் தேர்ச்சி நிலையைச் சொல்லும் அப்ரோச்சஸ், மீட்ஸ், மாஸ்டர்ஸ் என்ற சொல்லைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம். பெற்றோருக்கான போர்ட்டலில் பள்ளி கொடுக்கும் குறியீட்டை வைத்து உள்ளே போனால், பிள்ளை எழுதிய கட்டுரையையே படிக்கலாம். கருத்துக்கு எவ்வளவு, இலக்கணத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள். கருத்தில் குறைந்திருந்தால் கட்டுரையை அச்செடுத்து, ஒவ்வொரு மேற்கோளுக்குப் பிறகும் எத்தனை வரி இருக்கிறது என்று பிள்ளையையே எண்ணச் சொல்லுங்கள்.